துரைக்கு இரண்டு தட்டு

அவித்த முட்டையின் மஞ்சள் கருவை மூக்குக்கு நேராக நீட்டியும் துரை தலையைத் திருப்பிக்கொண்டபோது எனக்குக் கவலை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அண்ணி காலையிலேயே வயிறு முட்டத் திணித்துவிட்டு வேலைக்குப் போயிருப்பாள். முந்தின நாளும் இப்படித்தான், நான் பிசைந்து வைத்த சோற்றை முகர்ந்துகூடப் பார்க்காமல் தையல் மெஷினுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். என் கையால் சாப்பிட இவனுக்கு இப்போது கசக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பாதியில் விட்ட கால்சட்டை ஜிப்பைப் பிரிக்கப் போய்விட்டேன். மஞ்சள் கருவை நானே தின்றேன்.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். இது என் அண்ணனின் வீடு. அவன் மூன்று வருடத்துக்கு முன்பு மாரடைப்பில் போய்விட்டான். மிச்சம் இருந்தது அவன் மனைவி, அவன் தங்கை நான், அவன் நாய் துரை. எங்கள் இரண்டு பேருக்கும் போக வேறு இடம் இல்லாமல் இல்லை. துரையை யார் கூட்டிக்கொண்டு போவது என்பதில்தான் முடிவு ஏற்படவில்லை. அதற்குள் அண்ணனின் ஸ்கூட்டரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அண்ணி விற்றாள், நான் ஏதோ சொன்னேன், அவளும் ஏதோ சொன்னாள், பேச்சு நின்றுபோனது.

நின்றது என்றால் அடியோடு இல்லை. ஒரு வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் எப்படி இருப்பது? எல்லாம் துரை வழியாகத்தான். "துரை, உங்க அத்தைகிட்ட மோட்டாரை நிறுத்தச் சொல்லு" என்பாள் சமையலறையிலிருந்து. "துரை, சாவியை எங்க வச்சாங்கன்னு உங்கம்மாவைக் கேளு" என்பேன் நான். அவன் காதைத் தூக்கிக்கொண்டு அவளைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான். பெயர் அடிபட்டால் தின்பதற்கு ஏதாவது வரும் என்பது அவன் கணக்கு. அது பெரும்பாலும் தப்பவில்லை. அவனுக்கு இந்த வீட்டில் இரண்டு தட்டு. என்னுடையது மெஷினுக்குப் பக்கத்தில், அவளுடையது சமையலறையில். இங்கே தின்றதை அங்கே காட்டிக்கொள்ளாமல் அங்கேயும் தின்பான். வெறும் வயிற்றுக்காரன் மாதிரி அப்படி ஒரு முகம் வைத்துக்கொள்வான், அயோக்கியன். வயதான காலத்தில் பீப்பாய் மாதிரி உருண்டு போயிருந்தான். அவள் கெடுக்கிறாள் என்று நானும், நான் கெடுக்கிறேன் என்று அவளும் அவனிடமே புகார் சொல்வோம்.

அண்ணிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலையிலிருந்து வருகிறவர்கள் கையில் எல்லாம் ஊசி குத்தி ரத்தம் எடுத்துவிட்டு மதியம் வீடு திரும்புவாள். அன்று அவள் வந்தபோது துரை நடைவழியில் நீட்டிப் படுத்திருந்தான். வாசலுக்கு ஓடவில்லை. வாலைக்கூட ஆட்டவில்லை. "துரை, கண்டதையும் திணிச்சா இப்படித்தான் ஆகும்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்றேன் ஊசியில் நூல் கோத்தபடி. உங்க அத்தைதான் முட்டையாகக் கொடுத்து வைத்திருக்கிறாள் என்று அவளும் அவனிடம் சொல்லிக்கொண்டே குனிந்து அவன் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"ரத்தமே இல்ல."

யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். எப்போதும் ரோஜா நிறத்தில் இருக்கும் ஈறு, துணியில் கோடு போடும் சாக்கட்டியைப் போல வெளுத்திருந்தது.

வாடகைக் காரோட்டி இருக்கையில் முடி ஒட்டும் என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் நகம் வெட்டிக்கொள்ள வந்த ஒரு பூனை. அதற்கு என்ன அவசரமோ, அது உள்ளே போய் வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். அண்ணி போய் இரண்டு வார்த்தை கேட்ட பிறகுதான் மேசை காலியானது. கால்நடை மருத்துவர் சின்ன வயசுப் பெண். அவன் வயிற்றை அழுத்திக்கொண்டே, கடைசியாக எப்போது சாப்பிட்டான் என்று கேட்டாள்.

"அவங்களைத்தான் கேக்கணும்" என்றேன் நான். "அவதானே குடுப்பா" என்றாள் அண்ணி. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

மருத்துவர் இரண்டு பேரையும் பார்த்தாள். "ஒரே வீட்லதானே இருக்கீங்க?"

இந்தக் கேள்வியை எந்த உறவுக்காரர் கேட்டிருந்தாலும் நான் சூடாகப் பதில் சொல்லியிருப்பேன். அன்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்கேன் எடுத்தார்கள். மண்ணீரலில் கட்டி, அது உடைந்து வயிற்றுக்குள் ரத்தம் நிறைந்திருக்கிறது. இந்த வயதில், இவ்வளவு பலவீனமான இதயத்தோடு அறுவை சிகிச்சையைத் தாங்கமாட்டான். வலி கூடுவதற்குள் ஊசி போட்டு விடுவித்துவிடலாம். நாங்கள்தான் முடிவு சொல்ல வேண்டும். ரெண்டு நாளைக்கு முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா என்று அண்ணி இழுத்தாள். சொல்ல முடியாது என்றாள் மருத்துவர். அந்தப் பதிலை என்னால் பொறுக்க முடியவில்லை. பிழைத்திருப்பான் என்று சொன்னால் அழுதிருப்போம், மாட்டான் என்றால் ஆறியிருப்போம். சொல்ல முடியாதாம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மருத்துவர் வெளியே போனாள். மேசைமேல் அவன் பெரிதாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அண்ணி அவன் காதருகே குனிந்தாள்.

"துரை, என்ன பண்றதுன்னு உங்க அத்தையைக் கேளு."

பெயரைக் கேட்டதும் அந்த நிலையிலும் அவன் ஒரு காதைத் தூக்கினான். எனக்குத் தலைக்குமேல் கோபம் வந்தது. அவள்மேலா, என்மேலா, காதைத் தூக்கிய அந்த மடையன்மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"அவனை விட்டுடுங்க அண்ணி. என்னைக் கேளுங்க."

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே அவளுக்கு இவ்வளவு கருத்துப்போனது எப்போது?

"போதும்னு சொல்லிடலாமா?" என்று கேட்டாள்.

"சொல்லிடலாம்."

மூன்று வருடம் கழித்து நாங்கள் நேருக்கு நேர் பேசியது இவ்வளவுதான். இதற்காகவா வாயைத் திறந்தோம் என்று வயிற்றெரிச்சலாக இருந்தது. ஊசி போடும்போது அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நின்று தடவிக்கொடுத்தோம். அவன் சுவரைப் பார்த்தபடி போனான். கடைசியிலும் யார் பக்கமும் சாயவில்லை.

வீட்டுப் பின்பக்கம் கொஞ்சம் மண் தரை இருக்கிறது. குழி தோண்ட வந்தவர் தோண்டி முடித்துவிட்டு, நாயைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார். படுக்கை விரிப்பில் துரையைக் கிடத்தி, இரண்டு முனையை அவளும் இரண்டு முனையை நானும் பிடித்துத் தூக்கினோம். நான் பின்னால் பார்க்க முடியாமல் பின்னோக்கி நடந்தேன்.

"தூக்கு, தரையில இடிக்குது."

"நீங்க தள்ளாதீங்க, நான் பின்னாடி நடக்கறேன்ல."

"வாஷிங் மெஷின் இருக்கு, பார்த்து."

"இருக்குன்னு எனக்குத் தெரியாதா? நானும் இந்த வீட்லதான் இருக்கேன்."

அதைப் போய் நடைவழியில் வைத்தது யார் என்று அதற்கும் ஒரு சண்டை நடந்தது. சண்டை முடிவதற்குள் அவன் உடம்பு வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. அவளுக்கு மூச்சு வாங்கியது.

"எதைக் குடுத்து வளத்தியோ, இந்தக் கனம் கனக்குறான்."

"நான் மட்டுமா குடுத்தேன்?"

அவள் விரிப்பின் முனையைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"ரெண்டு நாளா என் கையால எதுவும் திங்கல. உன்கிட்ட தின்னுட்டுதான் வர்றான்னு கோவத்துல இருந்துட்டேன்."

"நானும் அப்படித்தான் இருந்தேன் அண்ணி."

பின்கதவு திறந்து கிடந்தது. குழி பக்கத்தில் குவித்த மண் அங்கிருந்தே தெரிந்தது. எனக்குத் தோள் கழன்றுவிடும்போல இருந்தது. கீழே வைத்துவிட்டுக் கை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"வேணாம். கீழ வைக்க வேணாம்."

எனக்கும் வைக்க மனசில்லை.

"கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்றாள்.

பிடித்துக்கொண்டேன்.