இங்கே யாரும் முதலடி வைப்பதில்லை

எங்கள் டே கெயாரில் எந்தப் பிள்ளையும் முதலடி வைத்ததில்லை. கெலிஓயாவில் என் வீட்டின் முன்பக்கத்தை இடித்துப் பெருப்பித்து இதைத் தொடங்கிப் பதினொரு வருடமாகிறது. நூற்றைம்பது பிள்ளைகளாவது வந்து போயிருப்பார்கள். ஒருவர்கூட இங்கே முதன்முதலாக நடந்ததில்லை, முதல் சொல் சொன்னதில்லை. எல்லாமே அவரவர் வீட்டில், பெற்றவர்கள் கண்முன்னேதான் நடந்திருக்கின்றன.

பெற்றோரிடம் இப்படித்தான் சொல்லி வந்தோம். முழுப் பொய். விடிந்தும் விடியாமலும் கொண்டுவந்து விட்டுப் பொழுது சாயும்போது தூக்கிப்போகிற பிள்ளை வேறெங்கே நடந்து பழகும்? எங்கள் பாயில்தான்.

இந்தப் பொய்யைச் சட்டமாக்கியவள் நான்தான். தொடங்கிய வருடம் இல்மா என்றொரு பிள்ளை வந்தாள். அவளுடைய உம்மா கணக்கு டீச்சர். ஒருநாள் சாயங்காலம் அவள் கேட்டுக்கு வந்ததும் வராததுமாக, “இல்மா இன்டைக்கு நடந்துட்டா!” என்று நான் சந்தோஷமாகக் கத்திவிட்டேன். அந்த டீச்சர் சிரிக்கவில்லை. த்ரீவீலருக்குள் போய் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அடுத்த வாரம் வேலையையே விட்டுவிட்டாள். நல்ல கணக்கு டீச்சர். என் வாயால் ஒரு பள்ளிக்கூடம் அவளை இழந்தது.

அன்றைக்கே வேலைக்கு நிற்பவர்களைக் கூப்பிட்டு, முதல் விஷயம் எதையும் நாங்கள் பார்க்கவில்லை, கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டு மூன்று நாளில் பிள்ளை வீட்டிலும் நடக்கும். பெற்றோர் பல்லெல்லாம் தெரிய வந்து சொல்வார்கள். நாங்கள் அதிசயப்பட வேண்டும், அவ்வளவுதான். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்றால், ஒரு பொய் சொல்லி ஒரு தாயை வேலைக்கு அனுப்பக் கூடாதா?

அதிசயப்படுவதில் வடிவம்மாவை யாரும் மிஞ்ச முடியாது. குழந்தைகள் அறை அவருடைய பொறுப்பு. முன்பு தோட்டத்துப் புள்ளக் காம்பராவில் ஆயாவாக இருந்தவர். அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற இடம் அது. ஒரு கையால் ஒரு பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, மறுகையால் இன்னொன்றின் வாயிலிருந்து பொத்தானை எடுப்பார். பெற்றோர் வந்து சொல்லும்போது நெஞ்சில் கை வைத்து, “ஐயையோ, நடந்துட்டாரா! எங்க கண்ணுல காட்டாம போயிட்டாரே!” என்பார். எனக்கே நம்பத் தோன்றும்.

எங்களிடம் மூன்று அறைகள். தவழ்கிற வரைக்கும் பாயறை. நடந்தால் நடு அறை. மூன்று வயதானதும் பெரிய அறை. அங்கே படம் கீறுவதும் பாடுவதும் சண்டை பிடிப்பதும் நடக்கும். பாயறையிலிருந்து நடு அறைக்கு யாரையும் தூக்கிக்கொண்டு போவதில்லை. பிள்ளை தன் காலால் வாசலைத் தாண்ட வேண்டும், நாங்கள் நின்று கைதட்டுவோம். ஆனால் வீட்டிலிருந்து செய்தி வந்த பிறகுதான்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, யது வரும்வரைக்கும்.

யதுவின் அம்மா நிலூஷா, பேராதனை ஆஸ்பத்திரியில் தாதி. கலஹா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, படித்து, அரசாங்க வேலைக்கு வந்த பிள்ளை. புருஷன் நிரோஷன் நுவரெலியாவில் ஹோட்டல் வேலை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வருவான். யதுவுக்குப் பதினைந்து மாதம் முடிந்த சமயம், ஒரு திங்கட்கிழமை, வடிவம்மா பாயறை வாசலில் நின்று என்னைக் கையாட்டிக் கூப்பிட்டார்.

“டீச்சர், சத்தம் போடாம வாங்க. யது எட்டு வச்சுட்டாரு.”

போய்ப் பார்த்தேன். அலுமாரியைப் பிடித்து நின்றவன் கையை விட்டு மூன்று எட்டு வைத்தான், பொத்தென்று உட்கார்ந்தான். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பிறகு கேட்டில் செய்தி வரட்டும் என்று காத்திருந்தோம்.

வரவில்லை. ஒரு வாரம் போயிற்று. அதற்குள் யது ஓடவே தொடங்கிவிட்டான். பாயறையில் ஐந்து மாதக் குழந்தைகள் கிடக்கிறார்கள், நடுவில் இவன் எருமைக் கன்று போல ஓடுகிறான். ஒரு பிள்ளையின் விரலை மிதித்தும் விட்டான். நடு அறைக்கு அனுப்பவும் முடியவில்லை, அனுப்பினால் குட்டு உடைந்துவிடும். வடிவம்மா நாளெல்லாம் அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே திரிந்தார்.

வீட்டில் ஏன் நடக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான். நிலூஷா வந்ததும் அவனை இடுப்பில் வைத்தால் பிறகு இறக்கமாட்டாள். பகல் முழுக்கத் தூக்காததை எல்லாம் சேர்த்துத் தூக்குகிறாள், பாவம். அவனும் அம்மாவின் தலை தெரிந்தால் போதும், நின்றுகொண்டிருந்தாலும் முழங்காலில் விழுந்து தவழ்ந்து பாய்வான். ஆறு மாதமாக அம்மாவிடம் போகிற வழி அதுதானே.

இரண்டாம் வாரம் நிலூஷா கேட்டாள். “டீச்சர், இங்க எழும்பியாச்சும் நிக்கிறானா?”

“எல்லாத்துக்கும் நேரம் ஒன்டு ஈக்கி மகள். அவசரப்படாதீங்க” என்றேன். என் நாக்கு கூசவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

அவளுக்கு நான் ஒரு சந்தர்ப்பம் செய்து கொடுக்கப் பார்த்தேன். கையில் இடமில்லாவிட்டால் தூக்கமாட்டாள், தூக்காவிட்டால் அவன் நடப்பான் என்று கணக்குப் போட்டேன். அவள் வந்ததும் ஒரு கையில் பாதிப் பலாப்பழத்தையும் மறு கையில் யதுவின் துணிப்பையையும் திணித்தேன். அவன் வழக்கம் போலத் தவழ்ந்து வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டு, தூக்கச் சொல்லி வீறிட்டான். அவள் பலாப்பழத்தை விட்டுவிட்டாள். அது என் காலில் விழுந்தது. இரண்டு நாள் நொண்டினேன், எனக்கு நன்றாக வேண்டும்.

மூன்றாம் வாரம் வியாழக்கிழமை நிலூஷா நேரத்தோடு வந்தாள். முகம் வாடிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பயிற்சிக்கு அவள் பெயர் வந்திருந்தது எனக்குத் தெரியும். மூன்று வருடம் காத்திருந்து கிடைத்த ஆறு மாதப் பயிற்சி. திங்கட்கிழமை தொடங்க வேண்டும்.

“நான் போகலங்க டீச்சர்” என்றாள். “பயிற்சி வேணாம்னு நாளைக்குக் கடிதம் குடுக்கப் போறேன், பையிலதான் இருக்கு. சம்பளமில்லாத லீவும் அதுலயே எழுதிட்டேன். புள்ளைக்குக் கால்ல ஏதோ இருக்கு. வீட்டுல நின்னு பார்க்கணும்.”

ஒரு தாய் வேலையை விடக் கூடாது என்றுதான் பொய்யைத் தொடங்கினேன். இப்போது அதே பொய் இன்னொரு தாயை வீட்டுக்கு அனுப்புகிறது. உண்மையைச் சொன்னால் இவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள், வார்டு முழுக்கச் சொல்வாள். என்னிடம் இருக்கிற பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு ஆஸ்பத்திரிக்காரர்களின் பிள்ளைகள். பயந்தேன், அதை மறைப்பானேன். ஆனாலும் அந்தக் கடிதம் அவள் பைக்குள் இருக்கும்போது நான் எப்படி வாயை மூடிக்கொண்டு நிற்பது?

“மகள், யது நடக்கிறான்.”

அவள் முகம் மலர்ந்தது. “இன்னிக்கா?”

“இல்ல. பதினெட்டு நாளா.”

நிலூஷா என்னைப் பார்த்தாள். பிறகு பாயறையிலிருந்து வெளியே வந்த வடிவம்மாவைப் பார்த்தாள். வடிவம்மா இந்தமுறை நெஞ்சில் கை வைக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். நான் இல்மாவின் கதையையும் எங்கள் சட்டத்தையும் ஒன்றுவிடாமல் ஒப்புவித்தேன்.

“பதினெட்டு நாளா!” என்றாள் நிலூஷா. “கிளினிக்ல ரெண்டு தரம் வரிசையில நின்னேன் டீச்சர். தினமும் அவன் கால மடக்கி நீட்டிப் பார்ப்பேன். எனக்குத் தெரிஞ்ச நோய் வருத்தத்தோட பேரெல்லாம் ஒவ்வொன்னா நினைச்சு நினைச்சு சோறு எறங்கல. நீங்க பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?”

“நீங்க அழுவீங்கண்டுதான் மகள்…”

“அழுதா என்னாங்க? அழுதுட்டு வேலைக்குப் போவேன். எங்க அம்மா போகலயா?” அவள் சுவரோடு சாய்ந்துகொண்டாள். “நானும் புள்ளக் காம்பராவுல வளர்ந்தவதான். நான் எப்ப நடந்தேன்னு எங்க அம்மாவுக்குத் தெரியாது. கேட்டா, ‘கொழுந்து நிறுத்துட்டு வந்தேன், நீ ஓடி வந்த’ம்பாங்க. மொத எட்ட எந்த ஆயாவோ பார்த்திருப்பாங்க. ஒருத்தரும் சொல்லல.”

தாய்மாருடைய கண்ணீருக்குப் பயந்தவள் நான்தான். அந்தப் பயத்துக்குத்தான் இரக்கம் என்று பெயர் வைத்துப் பதினொரு வருடம் கொண்டாடியிருக்கிறேன்.

வடிவம்மாதான் மெதுவாகப் பேசினார். “அங்க யாரும் கேக்க மாட்டாங்கம்மா. கூடையை எறக்கவே நேரம் இருக்காது. கேட்டிருந்தா சொல்லியிருப்போம். எல்லாம் ஞாபகம் இருக்கும்.”

நிலூஷா கண்ணைத் துடைத்தாள். “நான் கேக்குறேன். சொல்லுங்க அக்கா.”

வடிவம்மா சொன்னார். திங்கட்கிழமை, பத்துமணிப் பால் குடித்த பிறகு. பொத்தான் விட்டுப்போன மஞ்சள் சட்டை. பால் கோப்பைகளைச் சிவப்பு வாளியில் ஊறப் போட்டிருந்தார். யதுவுக்கு அந்த வாளி மேல் கண். அலுமாரியைப் பிடித்து எழும்பினான், வாளியைப் பார்த்தான், அலுமாரியைப் பார்த்தான், கையை விட்டான். ரெண்டே எட்டு. விழுந்தான். அழவில்லை. தன் ரெண்டு காலையும் குனிந்து பார்த்தான். பிறகு தனக்குத்தானே கைதட்டிக்கொண்டான்.

“எந்தக் கால மொதல்ல வச்சான்?”

“எடது கால்ம்மா.”

நிலூஷா அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். நான் கொண்டுவந்து வைத்த கதிரையில் உட்காரவும் இல்லை. “இப்ப பார்க்கணும்” என்றாள்.

அவளைப் பாயறைக் கதவுத் திரைக்குப் பின்னால் நிறுத்தினோம். உள்ளே யது ஒரு வெறும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு, கிடந்த குழந்தைகளைச் சுற்றி ஊர் விசாரிக்க வந்த விதானையார் போல நடந்துகொண்டிருந்தான். நிலூஷா திரையைக் கசக்கிப் பிடித்திருந்தாள். ஒரு சத்தம் வந்துவிட்டது போலிருக்கிறது, அவன் திரும்பினான். திரைக்குக் கீழே தெரிந்த செருப்பைக் கண்டுபிடித்தான். கோப்பையைப் போட்டான், முழங்காலில் விழுந்தான், பாய்ந்து தவழ்ந்தான்.

“தூக்காதீங்க மகள்!” என்று நான் கத்தினேன். “கீழ குந்துங்க!”

அவள் பையைப் பக்கத்தில் எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். தூக்க நீண்ட கைகளை இழுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். பாதி வழியில் யது நின்றான். அம்மா ஏன் இவ்வளவு குட்டையாகிவிட்டாள் என்று யோசித்திருப்பான். தூக்க வருகிற கையைக் காணவில்லை. தரையில் கை ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கி, எழும்பி நின்றான். அவளைப் பார்த்து ஒரு எட்டு, இரண்டு, ஐந்து, ஆறு வைத்தான்.

நடந்து அவளைத் தாண்டிப் போனான். எறிந்த பைக்குள் கையை விட்டு பிஸ்கட் பாக்கெட்டை இழுத்து எடுத்தான்.

நிலூஷா தரையில் விழுந்து சிரித்தாள். அந்தப் பையில்தான் கடிதமும் இருந்தது. யது பிஸ்கட்டோடு அதையும் இழுத்துப் போட்டிருந்தான். அவள் அதை எடுத்து நான்காக மடித்து வடிவம்மாவின் கையில் கொடுத்து, “குப்பையில போட்டுடுங்க அக்கா” என்றாள்.

என்னை அவள் உடனே மன்னிக்கவில்லை. கேட்டைத் தாண்டும்போது திரும்பி நின்று, “இனிமே எதையும் மறைக்காதீங்க டீச்சர். பல்லு வந்தாலும் சொல்லுங்க, புள்ள இன்னொருத்தனைக் கடிச்சாலும் சொல்லுங்க” என்றாள். மகள் வயதுப் பிள்ளையிடம் பேச்சு வாங்கினேன், தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை மற்றப் பெற்றோருக்கும் கேட்டில் நின்று சொன்னேன். ஒருவர் கோபித்துக்கொண்டார், இரண்டு பேர், “எங்களுக்கு முன்பே தெரியும்” என்றார்கள். கேட்டுக்கு உள்ளே, மழை படாத இடத்தில் ஒரு கதிரை போட்டேன். இனிமேல் உள்ளதைச் சொல்லப் போகிறோம், அழ வேண்டியவர்கள் உட்கார்ந்து அழட்டும்.

திங்கட்கிழமை காலை யது நடு அறைக்குப் போகிற நாள். நிலூஷா பயிற்சிக்குப் போகிற புதுச் சப்பாத்தோடு வந்து நின்றாள். யது தன் காலால் வாசலைத் தாண்டினான், நாங்கள் கைதட்டினோம். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே வேறொருவனுடைய லொறியைப் பறிக்கப் போய்விட்டான்.

அந்தக் கதிரையில் முதலில் உட்கார்ந்தது நிலூஷாதான். ஐந்து நிமிடம் நன்றாக அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏழேகால் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.