மூட்டையில் வந்த கோப்பை

கடலோர அரசுப் பூங்காவில் வெர்டெல் காவலர். அந்த நிலமே ஒரு காலத்தில் அவள் சனங்களுடையது. அரசு எடுத்துக்கொண்டபோது ஓக் மரத்தடியில் இருந்த இடுகாட்டை மட்டும் விட்டுவைத்தது. இறந்தவர் கடைசியாகக் குடித்த கோப்பையை உடைத்து மண்மேட்டில் வைப்பார்கள். பெயர் எழுதிய கல் கிடையாது. அந்த உடைசல்தான் அடையாளம்.

சனிக்கிழமை துப்புரவுக்கு வந்த தொண்டர்கள் மூன்று மூட்டைகளை அவள் காலடியில் போட்டார்கள்.

"ஓக் மரத்தடியில ஒரே பீங்கான் குப்பை மேடம். சுத்தமா வாரிட்டோம்," என்றார் ஒருவர் பெருமையாக.

வெர்டெல் பதறிப்போய் அவிழ்த்தாள். நீலக் கரை போட்ட துண்டு கையில் வந்தது. விஷயத்தைச் சொன்னாள்.

அவர் முகம் செத்துவிட்டது. "எது எங்க இருந்ததுன்னு சொல்லுங்க, திருப்பி வச்சிடறோம்."

"இந்த நீலக் கரை எங்க அப்பா. மத்தவங்க எங்கெங்க படுத்திருக்காங்கன்னு நீதான்யா சொல்லணும். வாரினவன் நீதானே?"