மஞ்சள் நூல் தைத்த கோட்டு

சரசு அடையாள அட்டையைக் காட்டி முடிப்பதற்குள் முனிராஜ் அவள் காலரைப் பிடித்து இழுத்தான். தலை கேட் கம்பியில் மோதியது. டிபன் டப்பா கீழே விழுந்து திறந்துகொண்டது. சித்ரான்னம் செக்யூரிட்டி மேசைக்கடியில் சிதறியது. வரிசையில் நின்ற பெண்கள் ஓரடி பின்வாங்கினார்கள். ஹெப்பகோடி கார்மென்ட்ஸ் கம்பெனி வாசலில் காலை எட்டேகால். ஷிப்ட் தொடங்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"கழட்டு," என்றான். தையல் தளம் முழுவதற்கும் அவன்தான் இன்சார்ஜ்.

அவன் சொன்னது அவள் போட்டிருந்த கோட்டை. ரத்தச் சிவப்பு வெல்வெட், முழங்கால் வரை நீளம், தோள்களில் கறுப்புப் பாசி. வெளிநாட்டில் எவளோ விருந்துக்குப் போட்டுப் போகத் தைத்தது. சரசு அதைச் சாம்பல் நிறப் பருத்திச் சுடிதாருக்கு மேல் போட்டிருந்தாள்.

தரத்தில் தேறாத உருப்படிகளைக் கம்பெனி முழுசாக வெளியே விடாது. யாரும் விற்கவோ போடவோ முடியாதபடி கிழித்துத்தான் ஸ்கிராப்புக்கு அனுப்பும். கிழிப்பது சரசுவின் வேலை. பதினோரு வருடமாக அதுதான். அக்குளில் கத்தரியை வைத்தால் இடுப்பில்தான் எடுப்பாள். இடக்கைக்காரி. அவள் வெட்டு எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே இறங்கும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நடைபாதையில் விற்கக் குவித்திருந்த துணிகளுக்கு நடுவே இந்தக் கோட்டைப் பார்த்தாள். அதே சாய்ந்த வெட்டு. தன் கையெழுத்தை அடுத்தவர் வீட்டில் பார்த்ததுபோல் இருந்தது. வாங்கிவிட்டாள்.

சிவப்பு நூலால் மறைத்துத் தைத்திருக்கலாம். மஞ்சள் நூலை எடுத்தாள். வெட்டு பளிச்சென்று தெரிந்தால் இது கழித்துப்போட்ட உருப்படி என்று எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள், திருட்டுச் சரக்கு என்று வாய் திறக்க மாட்டார்கள் என்று நினைத்தாள். அக்குளிலிருந்து இடுப்புவரை நெருக்கமான சங்கிலித் தையல். அங்கேதான் அவள் தப்புப் பண்ணினாள்.

மூன்று வாரமாக அதைத்தான் போட்டு வந்தாள்; வேலை நேரத்தில் கழற்றிப் பையில் வைத்துவிடுவாள். ஒரு நாள் சுடிதார்மேல், பொத்தான் போடாமல். ஒரு நாள் நூல் புடவைமேல், கைகளை மடித்துவிட்டு, பழைய துப்பட்டாவால் இடுப்பை இறுக்கிக் கட்டி. ஒரு நாள் சும்மா தோளில் தொங்கவிட்டு. மற்ற அலங்காரமெல்லாம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை அவளாகவே கண்டுபிடித்தாள். பூ வேண்டாம். சின்னக் கம்மல் போதும். தேய்ந்த செருப்பே போதும். பேண்டு செட்டுல சேந்துட்டியா என்று புருஷன் கோவிந்தன் சிரித்தான். ஆனால் பஸ்ஸில் யாரும் அவளை இடிக்கவில்லை. இன்றைக்கு எப்படிப் போட்டு வருவாள் என்று லைன் பெண்கள் காத்திருந்தார்கள். பக்கத்தில் மெஷின் ஓட்டும் வீணா படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தாள். நேற்று வைத்தது முதுகுப் பக்கம்; மஞ்சள் தையல் அதில் முழுசாகத் தெரிந்தது. அதை முனிராஜ் பார்த்திருக்கிறான்.

"நல்ல பீஸ நீயே வெட்டி ஸ்கிராப்ல போடுவ. அப்புறம் ஸ்கிராப்காரன் கிட்டயே வாங்கிக்குவ. உன் கட்டிங் எனக்குத் தெரியாதா?"

"ஃபுட்பாத்ல வாங்கனது சார். ஊரே வாங்குது."

"இன்னிக்கி ஃபாரின் பையர் வராங்க. திருடி எடுத்தேன்னு எழுதிக் குடுத்துட்டு உள்ள போ. சும்மனே டைம் வேஸ்ட் பண்ணாத."

எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று வரிசைக்கே தெரியும். திருடி என்று படம் எடுத்து வாசல் பலகையில் ஒட்டுவார்கள். அதே படம் அந்தச் சாலையில் இருக்கிற எல்லாக் கம்பெனிக்கும் போகும். போன வருடம் நாலு பொத்தானுக்காக ஒருத்தியை ஒட்டினார்கள். அவள் இப்போது சந்தாபுரத்தில் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறாள்.

சரசு எழுத மாட்டேன் என்றாள்.

அறைந்தான். காது அடைத்தது. மறுபடி சொன்னாள். அவன் அவள் வலக்கையை முறுக்கி, கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தான். தோள் தையல் பிரிந்து, கை முழுசாக அவனோடு போனது. பாசிகள் சிமென்ட்டில் ஓடின. அவன் கழுத்துப் பக்கம் பிடித்து இன்னொரு முறை இழுத்தான். உள்ளே சுடிதாரும் கிழிந்தது. பெண் செக்யூரிட்டி பதிவேட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொம்பள சார்," என்றாள் வீணா.

"உன் போட்டோவும் ஒட்டணுமா?"

வீணா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

மூட்டைக் கயிறு வெட்ட மேசையில் ஒரு கத்தரி கிடக்கும். அவன் அதை எடுத்து நீட்டினான்.

"உன் வேலதானே இது. நீயே வெட்டு. எல்லாரும் பாக்கட்டும்."

இடக்கையால் வாங்கினாள். கோட்டைக் கழற்றப் போகிறாள் என்று அவன் இடுப்பில் கைவைத்து நின்றான். முழங்கை விலகி, அக்குள் திறந்திருந்தது. அவள் ஓரடி முன்னால் வைத்தாள். கத்தரி அக்குளில் நுழைந்தது, இடுப்பில் வெளியே வந்தது. வெள்ளைச் சட்டை வாழையிலைபோல் இரண்டாகப் பிரிந்தது. பனியனும் பிரிந்தது. அதற்கடியில் தோலில் சாய்வாக ஒரு கோடு முதலில் வெளுத்தது, பிறகு நிறைந்து வழிந்தது.

 அவன் தன் விலாவைத் தொட்டுக் கையைப் பார்த்தான். பார்த்த பிறகுதான் அலறினான். அந்தக் கையாலேயே அவள் வாயில் குத்தினான். பல் உதட்டைக் கிழித்தது. அவள் கத்தரியை விடவில்லை. இரண்டு செக்யூரிட்டிகள் மணிக்கட்டை மேசை விளிம்பில் அடித்துத்தான் விடுவித்தார்கள். அவளை வெளியே தள்ளி கேட்டைப் பூட்டினார்கள். யாரோ போலீசுக்குப் போன் செய்வது கேட்டது. வரிசையில் பாதி உள்ளே இருந்தது. பாதி வெளியே, அவள் பக்கம் நின்றது. ஷிப்ட் மணி அடித்தது. வெளியே நின்றவர்கள் அசையவில்லை.

சரசு கிழிந்த சுடிதாரை இழுத்துவிட்டாள். அப்படியும் மார்பு தெரிந்தது. கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டாள். அது இதுவரை போடாத விதம். ஒரு பக்கம் கை இருந்தது, ஒரு பக்கம் இல்லை. சரியாக இல்லை. மிச்சக் கையின் தோள் தையலைப் பல்லில் கடித்தாள். உதட்டு ரத்தம் வெல்வெட்டில் பட்ட இடம் தெரியவில்லை. நூல் அறுந்ததும் ஒரே இழுப்பில் உருவினாள். இரண்டு தோள் ஓரத்தையும் உள்ளே மடித்து விரலால் அழுத்தினாள். சாம்பல் நிறச் சுடிதார்க் கைகள் இருபுறமும் வெளியே வந்தன.

மேம்பாலத்தின் கீழிருந்து ஹொய்சளா போலீஸ் வண்டி திரும்பியது. யாரைத் தேடுவது என்று தெரியாமல் மெதுவாக உருண்டு வந்தது. சரசு நடைபாதையிலிருந்து ரோட்டில் இறங்கி, அது பார்க்கும்படி நின்றாள்.