எள் இல்லாத பிஸ்கட்

மருந்துக்கடைக்காரர் அந்த மெஷினை வாங்கியதே மாப்பிள்ளைக்காகத்தான். மாப்பிள்ளைக்கு எள் ஆகாது. வாயில் ஒரு துணுக்குப் பட்டாலும் உதடு வீங்கும், தொண்டை அடைக்கும். கடையில் விற்கும் பிஸ்கட், ரொட்டி எதையும் அவன் நம்பித் தொடுவதில்லை. போகிற இடமெல்லாம் வெறும் டீயோடு உட்கார்ந்திருப்பான். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்த மாமனாருக்கு மனசு கேட்கவில்லை. "நானே என் கையால செஞ்சு தரேன் மாப்பிள்ளை, ஒரு எள்ளு கிட்ட வராது" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

மெஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அடுக்கடுக்காகத் தட்டுகள், பின்னால் ஒரு மின்விசிறி. இளஞ்சூட்டுக் காற்றை ஊதி ஊதி ஈரத்தை இழுத்துவிடும். ஆளி விதையை ஊறவைத்தால் வழவழவென்று பசை மாதிரி ஆகும். அதில் சூரியகாந்தி விதையும் பூசணி விதையும் உப்பும் கலந்து, தட்டில் மெல்லிசாகப் பரப்பி உள்ளே தள்ளிவிட்டால் முறுமுறுவென்று பிஸ்கட் வெளியே வரும். அவர் பார்த்த வீடியோவில் அப்படித்தான் வந்தது. சமையலறை மேடையில் அது இரவு பகலாக உறுமுவதைக் கேட்டு அவர் மனைவி, "உங்க சின்ன வீடு கூப்பிடுது பாருங்க" என்று சொல்லிச் சிரிப்பாள். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் அந்த மெஷினின் பெருமையை அளந்தார். மருந்து வாங்க வந்தவர்கள் ஆளி விதையின் மகிமையைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

மகளும் மாப்பிள்ளையும் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் காலை வாரிவிட்டது. ஆசையில் விதைக்கலவையைத் தடிமனாகப் பரப்பியிருந்தார். மேலே காய்ந்திருந்தது, உள்ளே சதசதவென்று ஈரம். ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தார். செருப்புத் தோல் மாதிரி வளைந்ததே தவிர உடையவில்லை. இன்னும் அரை நாள் ஓடினால் சரியாகிவிடும். ஆனால் அவர்கள் கிளம்பிவிட்டார்கள் என்று மனைவி சொன்னாள்.

சரியாக வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரிப்பார்கள், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பைத்தான் தன்னால் தாங்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது. தயிர் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுத் தெருமுனைக் கடைக்குப் போனார். விதை பிஸ்கட் ஒரு பாக்கெட் எடுத்து, கண்ணாடி உறை வழியாகத் தெரிந்த பிஸ்கட்டை மட்டும் உற்று உற்றுப் பார்த்தார். எள் கண்ணில் படவில்லை. மருந்துக்கடைக்கு வருகிறவர்களிடம் லேபிளைப் படி, படி என்று காலமெல்லாம் தலையில் அடித்துக்கொள்கிற மனுஷர், அன்று பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பவேயில்லை. வெளியே குப்பைத் தொட்டியருகே நின்று உறையைக் கிழித்துப் போட்டார். வீட்டுக்கு வந்ததும் கைப்பக்குவமாகத் தெரியட்டும் என்று ஒவ்வொன்றின் ஓரத்தையும் கோணல்மாணலாக உடைத்துத் தட்டில் அடுக்கினார்.

மாப்பிள்ளை இரண்டாவதைக் கடிக்கும்போதே தொண்டையைச் செருமினான். முகம் சிவந்தது. மகள் எப்போதும் கைப்பையில் வைத்திருக்கும் அலர்ஜி ஊசியை எடுத்து, யோசிக்காமல் அவன் தொடையில் குத்தினாள். மாமனார்தான் காரை ஓட்டினார். பின்சீட்டிலிருந்து வந்த மூச்சுச் சத்தம் மருத்துவமனை வரை அவர் பிடரியில் உரசிக்கொண்டே வந்தது.

பிஸ்கட்டில் என்னென்ன போட்டீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். ஆளி விதை, சூரியகாந்தி, பூசணி, உப்பு என்று அவர் ஒப்பித்தார். தன் குரல் தடுமாறாமல் வந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"எள்ளு பட்டிருக்குமாப்பா? கரண்டியில, பாத்திரத்துல?" என்று மகள் கேட்டாள்.

"இல்லம்மா. இல்லவே இல்ல."

அப்படியென்றால் இந்த விதைகளில் ஏதோ ஒன்றும் இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இனி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சோதித்துப் பார்க்கணும் என்றார் டாக்டரம்மா. கட்டிலில் படுத்திருந்த மாப்பிள்ளை வீங்கிய உதட்டோடு, "மாமாவ ஒண்ணும் கேக்காதீங்க. எனக்குன்னா அவர் பாத்துப் பாத்துத்தான் செய்வாரு" என்றான்.

மருந்துக்கடைக்காரருக்கு நின்ற இடத்திலேயே உடம்பு கூசியது. திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டு நின்றிருப்பார். சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "அது நான் செஞ்சது இல்ல. கடையில வாங்கினது."

மகளுக்கு முதலில் புரியவில்லை. எந்தக் கடை, என்ன பெயர் என்று கேட்டுக்கொண்டே போனில் தேடினாள். அந்த பிஸ்கட்டின் சேர்மானப் பட்டியலில் எள் மாவு என்று இருந்தது. டாக்டரம்மாவிடம் போனைக் காட்டினாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"ஓரமெல்லாம் உடைஞ்சிருந்துதே?"

"நான்தாம்மா உடைச்சேன்."

அவள் போனைக் கைப்பையில் போட்டாள். நாற்காலியைக் கட்டிலுக்கு அருகில் இழுத்துப்போட்டுக்கொண்டு அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவருடைய மனைவி தலையைக் குனிந்து சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். வெளியே போவதா நிற்பதா என்று தெரியாமல் அவர் கதவோரமாக நின்றார். நர்ஸ் இரண்டு முறை தள்ளி நிற்கச் சொன்னாள்.

சாயங்காலம் வீக்கம் வடிந்து அவர்கள் கிளம்பும்போது, மாப்பிள்ளை மட்டும் அவரிடம் வந்தான். "சரியா வரலன்னு சொல்லியிருந்தா, நானும் பக்கத்துல உக்காந்து சேந்து செஞ்சிருப்பேனே மாமா" என்றான். அந்தக் குரலில் கோபமே இல்லை. அவர் தலையை ஆட்டினார்.

ஒரு மாதம் கழித்து இருவரும் மறுபடி வந்தார்கள். மகள் சாதாரணமாகவே பேசினாள். அப்பாவின் ரத்த அழுத்தத்தை விசாரித்தாள். அம்மாவின் புதுக் கண்ணாடியைக் கிண்டல் செய்தாள். சாப்பிட உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, வீட்டில் சமைத்துக் கொண்டுவந்ததை மாப்பிள்ளையின் தட்டில் வைத்தாள். அதை அவள் மறைக்கவுமில்லை, சொல்லிக்காட்டவுமில்லை. அவர் மனைவி மட்டும் ஒரு நொடி கையிலிருந்த கரண்டியோடு நின்றுவிட்டாள்.

மருந்துக்கடைக்காரர் குனிந்து தன் சோற்றைப் பிசைந்தார். அவள் செய்ததில் ஒரு தப்பும் அவருக்குத் தெரியவில்லை.