புலித்தலை அச்சு

எழுபத்திரண்டாம் வருஷம், ஐப்பசி. காலை ஆறு மணிக்கே ராஜகீழ்ப்பாக்கத்து ஷெட்டில் மரம் கருகும் நெடி ஏறிவிட்டது. கிளியம்மாள் ஹாக்கி மட்டையைத் தாங்கியில் வைத்துக் காலால் மிதியை அழுத்துவாள். கரண்டில் காய்ந்த பித்தளை அச்சு இறங்கி, மரத்தில் கம்பெனி முத்திரையான புலித்தலையைச் சுட்டுவிட்டு எழும். புகை கண்ணில் அறையும். ஒரு நாளைக்கு நானூறு மட்டை.

மெஷின் வந்து நாலு மாதம். அதன் இரும்புச் சட்டத்தைத் தொட்டாலே சுள்ளென்று ஷாக் அடித்தது. வார்னிஷ் பூசும் துலுக்காணம், எர்த் ஒயர் போடச் சொல்லி முதலாளி வைத்தீஸ்வரனிடம் மூன்று முறை கேட்டிருந்தார். மூன்று முறையும் "ஆள் வருவான்" என்பதே பதில். கிளியம்மாள் காலுக்குக் கீழே ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு வேலை செய்தாள்.

அன்று மழைத்தண்ணீர் உள்ளே புகுந்து பலகை ஊறிக் கிடந்தது. எட்டு மணிவாக்கில் ஷாக் அவளை உலுக்கியது. கால் மிதியில் அழுந்த, அச்சு அவள் முன்கைமேல் இறங்கியது. மட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் அமலராணி ஓடிப்போய் மெயினை அணைத்தாள். அச்சு எழுந்தபோது தோலும் ஒட்டிக்கொண்டு வந்தது.

வைத்தீஸ்வரன் வந்தார். கையைப் பார்த்தார். மெஷினைக் குனிந்து பார்த்தார்.

"அச்சு ஒண்ணும் வளைஞ்சிடலையே?"

துலுக்காணம் கிளியம்மாளைத் தாங்கிப் பிடித்து உட்காரவைத்தார்.

"ரிக்‌ஷால ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. துலுக்காணம், நீ மெஷின்ல உக்காரு. பதினோரு மணிக்கு லாரி வருது."

"எர்த் போடுங்க சார். அப்பால உக்கார்றேன்."

"இன்னிக்கு எவன் வருவான்?"

"நாலு மாசமா இதயே சொல்லிகினு கீறீங்க."

"இஷ்டம் இல்லேன்னா போயிடு. அமலராணி, நீ வாம்மா. படிச்ச பொண்ணு, உனக்குப் புரியும்."

இந்த வேலைக்குச் சிபாரிசு கேட்டு அப்பா, பாஸ்டர் வீட்டு வாசலில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை நின்றார் என்பது அமலராணிக்குத் தெரியும்.

"புரியுது சார். அதனாலதான் உக்கார மாட்டேன்."

உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த ஆறு பேரும் ஒவ்வொருவராகக் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள். கிளியம்மாளை ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டு, எல்லாரும் கேட் வாசலில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்தார்கள். உள்ளே முதலாளி போனில் கத்துவது கேட்டது.

பதினோரு மணிக்கு லாரி வந்தது. டிரைவர் ஜெயவேலு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"இன்னா துலுக்காணம், லோடு இல்லியா?"

துலுக்காணம் நடந்ததைச் சொன்னார். ஜெயவேலு ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"உங்க மொதலாளி தாம்பரத்துலேர்ந்து வேற ஆளுங்கள இட்டாரச் சொல்லிக்கீறார்பா. ரோட்டு முனைல நிக்கிறாங்க, பாத்துகினுதான் வந்தேன்."

"வரட்டும்ணா" என்றாள் அமலராணி. "அவங்களையும் உக்கார வச்சுப் பேசுவோம்."

ஜெயவேலு இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். துலுக்காணம் நகர்ந்து இடம் விட்டார்.