காகித வேலை முடியும்வரை

வெய்க்கோ இறந்து மூன்றாம் நாள்தான் பிக்குனுக்குச் சட்டப்படி புருஷனானான். செவ்வாய்க்கிழமை விடியலில் மூச்சு நின்றது. வியாழக்கிழமை காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு வட்டார அலுவலகத்தில் வந்து உட்கார்ந்து, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். தாய்லாந்தின் நோங்தூம் ஊரில் இதைப் பற்றி இரண்டு பேச்சு கிடையாது. அந்த வருஷம் மழை பிந்தியது, மரவள்ளிக்கு நல்ல விலை கிடைத்தது, பிக்குனின் பரங்கி மாப்பிள்ளை செத்தும் போகாமல் இருந்தான், அவ்வளவுதான்.

அவர்களுக்குக் கல்யாணம் ஆகாமல் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பின்லாந்தில் அவனுடைய ஊரில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, ஒரு சர்க்கார் அறையில் முறைப்படி நடந்த கல்யாணம். அங்கே பிக்குன் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று கம்பளிச்சட்டை போட்டும் பல்லெல்லாம் தந்தியடித்தது என்பாள். பிறகு நோங்தூமுக்கு வந்து ஊரைக் கூட்டி, வாழையிலைக் கோபுரம் வைத்து, அவித்த முட்டையும் சாராயமும் படைத்து, வந்தவரெல்லாம் இருவர் மணிக்கட்டிலும் வெள்ளை நூல் கட்டினார்கள். ஆத்மா உடம்பை விட்டு அலையாமல் இருக்கக் கட்டும் நூல் அது. ஊரே நூல் கட்டிய கல்யாணத்தை ஆபீசில் போய் வேறு சொல்ல வேண்டுமா என்று விட்டுவிட்டார்கள். வெய்க்கோ மூன்று மாதத்துக்கு ஒருதரம் எல்லைப் பாலத்தைத் தாண்டி லாவோஸ் போவான், ஒரு காப்பி குடிப்பான், புது விசா முத்திரையோடு திரும்புவான். காலம் ஓடியது. அப்புறம் நுரையீரல் கெட்டது. வேனில் ஏறவே இரண்டு ஆள் தூக்க வேண்டியதாயிற்று, பாலமாவது காப்பியாவது.

இங்கேயே இருக்க வேண்டுமென்றால் மனைவியின் பேரில் விசாவை நீட்டிக்க வேண்டும். அதற்கு, பின்லாந்துக் கல்யாணத்தை இங்கே வட்டார அலுவலகத்தில் பதிய வேண்டும். அதற்கு, அந்த ஊர்ச் சான்றிதழ் தாய்லாந்து மொழிக்கு மாறி, வெளியுறவு இலாகாவின் முத்திரை வாங்கி வர வேண்டும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று என்று அனுமார் வாலாக நீண்டது. பிக்குன் அலையாய் அலைந்தாள். அவளுக்கு விசா பெரிதில்லை, ஒரு பயம்தான் பெரிது. முந்தின வருஷம் பக்கத்து ஊரில் ஒருத்தியின் வெள்ளைக்காரன் செத்தபோது, பதிவு இல்லை, நீ அவனுக்கு யாரோ என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்தே உடம்பை எடுத்துப்போய் எங்கேயோ எரித்துவிட்டார்கள். கோவில் மதிலில் அவனுக்கென்று கட்டிய எலும்பு மாடத்தில் வைக்க எலும்பு இல்லாமல், அவள் அவனுடைய தொப்பியை வைத்துப் பூசினாள். பிக்குன் அந்தச் சடங்குக்குப் போய்ச் சாப்பிட முடியாமல் எழுந்து வந்தவள். தன் புருஷனைத் தன் கையால் எரிக்க வேண்டும், அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் வேண்டாம்.

அவன் செத்தும் போகாததற்குத் தப்பு ஊர்மேல்தான். வெய்க்கோவுக்கு முடியாமல் போனதும் மறுபடி நூல் கட்டும் சடங்கு வைத்தார்கள். நூல் கட்டும்போது எல்லோரும் நூறு வயசு இரு, நோய்நொடி இல்லாமல் இரு என்றுதான் முணுமுணுப்பார்கள். அன்றைக்கு முதல் நூலைக் கட்டிய ஊர்த்தலைவர் கம்சிங், காலையெல்லாம் பிக்குனோடு ஆபீஸ் வாசலில் காய்ந்துவிட்டு வந்தவர், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்.

“காகித வேலை முடியிற வரைக்கும் இருங்க மாப்ளே!”

பின்னால் வந்தவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் கட்டினார்கள்; நூல் முழங்கை வரை ஏறிற்று. அந்த வாரமே அவன் செத்தான். பிக்குன் அழுதுகொண்டே உடம்பைக் குளிப்பாட்ட வெந்நீர் வைத்து எடுத்து வந்தபோது, கட்டிலில் எழுந்து உட்கார்ந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். மூச்சு இல்லை, நாடி இல்லை, உடம்பு ஐஸ் பெட்டி மாதிரி ஜில்லென்று இருந்தது. பிட்சு வந்து பார்த்துவிட்டு, பாடையைத் திருப்பி அனுப்பச் சொன்னார். “அவருக்கு அவசரமில்லன்னா எனக்கும் இல்லம்மா,” என்று குடையை விரித்துக்கொண்டு போனார்.

வட்டார அலுவலகத்தில் சிந்தனா என்ற அம்மாள்தான் பதிவு செய்கிறவள். சாட்சிக்குக் கம்சிங்கும் பக்கத்து வீட்டு லம்யையும் போயிருந்தார்கள்.

“ஐயா, உங்க மனைவி பேர் சொல்லுங்க,” என்றாள் சிந்தனா.

“பிக்குன்,” என்றான் வெய்க்கோ.

பேனாவைக் கொடுக்கும்போது அவன் விரல் பட்டு அவள் கையை இழுத்துக்கொண்டாள். “என்னங்க, இப்படி ஜில்லுன்னு இருக்காரு?”

“அவங்க ஊர்க்காரங்களே அப்படித்தான் மேடம்,” என்றாள் லம்யை.

கம்சிங்குக்குப் பொய் சொல்ல வராது. “இறந்துட்டாரு மேடம். செவ்வாய்க்கிழமை.”

சிந்தனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, விதிகளைப் புரட்டினாள். “ரெண்டு பேரும் நேர்ல வரணும்னு இருக்கு. வந்திருக்காங்க. மரணத்தைப் பதிஞ்சிட்டீங்களா?”

“இன்னும் இல்லீங்க.”

“அப்ப என்னைப் பொறுத்தவரைக்கும் அவர் சாகலை. இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு.”

ஆக, பதிவு முடிந்தது. திரும்பி வரும் வண்டியில் பிக்குன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, இனி போய்விடுவான் என்று மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தாள். போகவில்லை. காகித வேலை முடியவில்லையே! பதிவைக் கொண்டுபோய் இமிகிரேஷனில் கொடுக்க வேண்டும். அதோடு புருஷனும் பெண்டாட்டியும் வீட்டு வாசலில் நிற்கிற படம், கூடத்தில் உட்கார்ந்திருக்கிற படம், கட்டிலில் இருக்கிற படம் எல்லாம் வைக்க வேண்டும். லம்யை தன் போனில் எடுத்தாள். “கொஞ்சம் சிரிங்க மாப்ளே!” என்று கத்தினாள். “உசிரோட இருந்தப்பவே சிரிக்காத மனுசன். எடுடி சீக்கிரம், வெக்கமா இருக்கு,” என்றாள் பிக்குன். இமிகிரேஷனில் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு மாதத்துக்கு முத்திரை குத்தினார்கள்.

அந்த மாதத்துக்குள் ஒரு இளம் அதிகாரி வீட்டைப் பார்க்க வந்தான். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. வெய்க்கோ பக்கத்தில் உட்கார்ந்ததும் வியர்வை அடங்கியதால், அதிகாரி வேண்டிய நேரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு லம்யையைக் கூப்பிட்டு, இவர்கள் புருஷன் பெண்டாட்டியாகத்தான் இருக்கிறார்களா என்று கேட்டான்.

“இவ திட்டுறா, அவர் கேட்டுக்கிறாரு. இதுக்கு மேல என்ன சார் வேணும்?” என்றாள் லம்யை. அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டான். அடுத்த மாதம் விசா வந்தது.

ஊரே கூடியிருந்தது. பிட்சுவும் வந்திருந்தார். பிக்குன் பாஸ்போர்ட்டைத் திறந்து முத்திரையை வெய்க்கோவுக்குக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். எல்லோரும் காத்திருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. கம்சிங்தான் வாங்கிப் படித்தார். முகம் தொங்கிப்போயிற்று. ஒரு வருஷத்துக்குத்தான் கொடுத்திருந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருதரம் இமிகிரேஷனில் போய் முகவரி சொல்ல வேண்டும். வருஷம் முடிந்தால் அதே படங்கள், அதே சாட்சி, அதே பரிசீலனை. முடிகிற வேலையே அல்ல அது. நல்லது செய்கிறோம் என்று நினைத்து ஒரு மனுஷனை ஊரே சேர்ந்து கட்டிப் போட்டுவிட்டது. நூலை அறுத்தும் பார்த்தார்கள், கத்தரிக்கோல்தான் மழுங்கியது.

முதலில் பிக்குனுக்கு உள்ளூர சந்தோஷம்தான், அதை மறைப்பானேன். சோற்றுச் செலவில்லை, மருந்தில்லை, இருமல் இல்லை. புருஷன் கண் முன்னால் இருக்கிறான். கோடையில் அக்கம்பக்கத்தார் மீன் வாங்கி வந்து, சமைக்கும்வரை அவன் மடியில் வைத்துவிட்டுப் போனார்கள். மழை வேண்டி வாணம் விடும் திருவிழாவன்று பீர் பாட்டில்களை அவனைச் சுற்றி அடுக்கினார்கள். பிக்குன் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். “என் புருஷன் என்ன உங்களுக்கு ஐஸ் பெட்டியா? நாசமாப் போறவனுங்களா!” என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினாள்.

ஆனால் செத்தவனுக்குத் தூக்கம் கிடையாது. இது யாருக்கும் தோன்றவில்லை. அவள் படுக்கும்போது எப்படி உட்கார்ந்திருந்தானோ, எழுந்திருக்கும்போதும் அப்படியே கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். கம்பளி போர்த்தினால் கம்பளியும் ஜில்லிட்டது. அவளோடு முகவரி சொல்லிவிட்டு வரும் ஒவ்வொரு தடவையும் வண்டியில் ஒரே கேள்விதான்.

“முடிஞ்சுதா?”

“இல்லீங்க. இன்னும் கொஞ்சம்.”

வருஷக் கடைசியில் ஒரு சாயங்காலம், அவள் புளி உரித்துக்கொண்டிருந்தபோது, கேட்காமலே பேசினான். “பிக்குன், களைப்பா இருக்கு. இருமலே தேவலை. இருமுனா நடுவுல கொஞ்சம் தூங்குவேன்.” அவ்வளவுதான் சொன்னான். சாகும்போதுகூட அவன் அவளிடம் இத்தனை பேசியதில்லை. பிக்குன் புளிக்கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டாள், கண் எரிந்தது, எரியட்டும் என்று விட்டாள். நான் பாவி, இவனை எரிக்க உரிமை வேண்டுமென்று அலைந்தேன், உரிமை வந்ததும் வீட்டில் வைத்துக் கொல்கிறேன் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

விசா தீரும் நாளன்று காலையில் கம்சிங் வண்டியைக் கொண்டுவந்து ஹாரன் அடித்தார். வேண்டிய தாள்களெல்லாம் மடித்துத் தயாராக இருந்தன. பிக்குன் வாசலுக்கு வந்து, “நீங்க போங்கண்ணா. நாங்க வரல,” என்றாள்.

“இன்னிக்கு விட்டா எல்லாம் போச்சு பிக்குன். முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்!”

“ஆரம்பிக்கப் போறதில்ல.”

கம்சிங் அவளைப் பார்த்தார். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, கோவில் பக்கம் நடந்தார். பிக்குன் உள்ளே போய் வெய்க்கோவுக்குத் தலைவாரி, சட்டை மாற்றி, கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோட்டத்து வாழையைப் பற்றி, பக்கத்து வீட்டுச் சண்டையைப் பற்றி, அந்தக் கம்பளிச்சட்டைகளைப் பற்றி என்னென்னவோ பேசிக்கொண்டே இருந்தாள். ஆபீஸ் மூடுகிற நேரமாயிற்று. “முடிஞ்சுதா?” என்றான். “முடிஞ்சுதுங்க. படுங்க,” என்றாள். அவன் படுத்தான். நூல்கள் தாமாகவே நெகிழ்ந்து கட்டிலில் கொட்டின. கண்ணை அவளே மூடிவிட்டாள்.

மறுநாள் மரணத்தைப் பதிய அதே சிந்தனாவிடம் போனாள். உறவு என்ன என்று சிந்தனா கேட்கவில்லை, தானே எழுதிக்கொண்டாள். பாஸ்போர்ட்டைப் புரட்டித் தேதியைப் பார்த்தாள். “கூடுதலா ஒரு நாள்கூடத் தங்கலையே. ரொம்ப ஒழுங்கான மனுசன்,” என்றாள். பிக்குன் ஒரு வருஷமாக அழாத அழுகையை அந்த மேஜைமேல் தலைவைத்து அழுதாள். வரிசையில் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோவில் தகன உலையில் எரித்தார்கள். பிக்குனே தீ வைத்தாள். யாரும் வந்து நீ யார் என்று கேட்கவில்லை. மற்றவர்களைவிட நேரம் பிடித்தது, விறகு இன்னொரு வண்டி வாங்க வேண்டியதாயிற்று. உள்ளே அத்தனை பனி இருந்திருக்கிறது. உலைக்கதவின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து, படிகளில் இறங்கி, கோவில் முற்றம் முழுக்கப் பரவியது. பெண்கள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாகப் போனார்கள். பிக்குன் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நின்றாள். கிட்டே வந்த லம்யை, ஜில்லென்று இருக்கிறதா என்று கேட்டாள்.

“இல்லடி,” என்றாள் பிக்குன். “சூடா இருக்கு.”