கறுப்பு ஏறாத இடம்

தங்கை உண்டாகியிருக்கிறாள் என்று கேட்டதுமே அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. இலை, பட்டை என்று காய்ச்சித் துணிக்கு நிறம் ஏற்றுவதுதான் அவள் பிழைப்பு. பச்சைப்பிள்ளை உடம்பில் கடைச்சாயம் படவே கூடாதென்று ஒற்றைக்காலில் நின்று, மாதுளைத் தோலை வேகவைத்து, பூப்போன்ற ஒரு துணியை மஞ்சளாக்கிக் கொடுத்தாள். பிள்ளை அதற்குள்தான் தூங்கினான். பாழாய்ப்போன ஒரு காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது.

இன்று தங்கை அந்தத் துணியோடு பட்டறையில் வந்து நின்றாள்.

"அக்கா, இந்த மஞ்சளப் பாக்க முடியல. தூக்கிப் போடவும் மனசு வரல. கறுப்பாக்கிக் குடு."

மாதுளைச் சாயம் ஏறிய துணியைத் துரு ஊறிய தண்ணீரில் முக்கினால் போதும், கறுத்துவிடும். அக்கா வழக்கம்போல முதலில் அதைச் சோப்புத் தொட்டிக்குக் கொண்டுபோனாள்.

"அலசாதக்கா. அவன் வாசன இருக்கு."

"அலசாம முக்குனா திட்டுத்திட்டாப் போயிடும்டீ" என்று கத்த வாயெடுத்தவள், தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே முக்கினாள்.

துணி கண்ணெதிரே கறுத்தது. பிழிந்து விரித்தால், ஓரத்தில் உள்ளங்கையளவுக்கு மட்டும் மஞ்சள் அப்படியே நின்றது.

"அங்க மட்டும் ஏன் ஏறல?"

பிசுக்கு இருக்கும் இடத்தில் தண்ணீர் ஒட்டாது. அக்கா அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"பால் கக்கியிருக்கான்டீ."

தங்கை ஈரத்துணியைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கறுப்புத் தண்ணீர் அவள் சட்டையில் வழிந்தது. சட்டை ஏற்கெனவே நனைந்துதான் இருந்தது. பாலுக்கு இன்னும் சேதி தெரியாது.